கான் வெட்டியவரின் கணக்கு

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு பெருமழை. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று. செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர்வரை இழுக்கும் இன்னொன்று. இந்த இரண்டாவது மழை இறங்குவதற்குள் மலை முழுக்க வடிகால்களான கான்களைத் தூர் எடுத்து முடித்துவிட வேண்டும். கொழுந்து எடுப்பது ஒரு வாரம் பிந்தினால் அடுத்த சுற்றில் ஈடுகட்டிக்கொள்ளலாம். கான் வேலை பிந்தினால், அடித்துப் போன மண்ணை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இந்த வேலையைத் தன் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவர் ஒருவர் தானா ராத்தாவில் ஓய்வில் இருக்கிறார். வெளிக்காட்டுக் கிராணியாக இருந்தவர். அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பளக் கணக்கு எழுதும் கிராணி வேறு. விடியற்காலை ஆள்கணக்கான பிரட்டில் ஆள் பிரித்துவிட்டு, பொழுது சாயும்வரை மலையில் நிரை நிரையாக ஏறி இறங்கும் கிராணி வேறு. இவர் இரண்டாவது வகை. தோட்டத்து ஜனங்கள் ‘கிராணி ஐயா’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். இங்கேயும் அந்தப் பெயரே இருக்கட்டும். தேயிலையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் முன்னால் வைத்த தேநீர் ஆறிப்போகும்வரை பேசுவார்.

கான் என்பது சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வடிகால். மேலிருந்து கீழாக நேரே வெட்டினால் நாலு மழையில் அது ஓடையாகிவிடும். ஆகவே மலையின் வளைவோடு வளைந்து, கிட்டத்தட்ட மட்டமாகப் போக வேண்டும். ஆனால் முழு மட்டமாகவும் இருக்கக் கூடாது. தோட்டத்துக் கணக்கு 120 அடிக்கு ஓர் அடி இறக்கம். அதைவிடக் கூட்டினால் தண்ணீர் வேகம் பிடித்துக் கானின் அடியையே அரிக்கும். குறைத்தால் தேங்கிக் கரையை உடைத்துக்கொண்டு கீழ்நிரையில் பாயும். கிராணி ஐயா இளவயதில் இந்த இறக்கத்தைப் பார்த்தது மூன்று கம்பால் கட்டிய ஏ வடிவச் சட்டத்தில். உச்சியிலிருந்து தொங்கும் நூலில் தூக்குக்குண்டு; குறுக்குக் கம்பின் நடுவில் ஒரு கோடு. சட்டத்தின் ஒரு காலுக்கு அடியில் அளவான மரத்துண்டைக் கட்டிவிட்டால், நூல் கோட்டில் வந்து நிற்கும் இடமெல்லாம் சரியான இறக்கம். அங்கங்கே முளை அடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். பின்னால் கண் வைத்துப் பார்க்கும் கருவி வந்தது. பழைய ஆட்கள் அப்போதும் குண்டைத்தான் நம்பினார்கள்.

வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. கானுக்குள் சில அடிக்கு ஓரிடத்தில் மண்ணைத் தோண்டாமல், கரையைவிடச் சற்றுத் தாழ்வாகத் திட்டு விடுவார்கள். மழைத்தண்ணீர் திட்டுக்குப் பின்னால் குட்டை குட்டையாக நின்று, கொண்டுவந்த வண்டலைக் கீழே போட்டுவிட்டுத் தெளிந்து அடுத்த குட்டைக்கு வழியும். நிற்கிற தண்ணீரில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே இறங்கும். மழை ஓய்ந்ததும் அந்த வண்டலை அள்ளித் தேயிலைத் தூரில் போட வேண்டும். மேல்மண் மலையிலேயே தங்குவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் வருடம் தவறாமல் ஆள் வேண்டும். ஒரு வருடம் விட்டால் குட்டைகள் தூர்ந்துபோய், கான் இருந்த இடத்தில் ஒரு கோடுதான் மிஞ்சும். “வெட்டுறது பெருசு இல்ல தம்பி, வெட்டுனத விடாம பாக்கணும். அதுதான் வேல” என்பார், புதிதாகச் சேர்ந்த சின்னக் கிராணிகளிடம்.

கவ்வாத்துக் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செடியைத் தாழ வெட்டிவிடும்போது, அதுவரை மண்ணை மூடியிருந்த இலைப்பரப்பு போய்விடும். மழைத்துளி நேரே மண்ணில் அறையும். வெட்டிய குச்சிகளான மலாரை விறகுக்கு எடுத்துப்போகத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் வருவார்கள். குளிர்மலை, அடுப்பும் வெந்நீரும் வேண்டும்தானே. கிராணி ஐயா விடமாட்டார். மலார் நிரைக்கு நடுவிலேயே கிடந்து மக்க வேண்டும். இதனால் பல வீடுகளோடு அவருக்கு மனத்தாங்கல் வந்தது. பட்ட மரங்களை வெட்டி விறகாக லயத்துக்குத் தர நிர்வாகத்தைச் சம்மதிக்கவைத்த பிறகே அது தீர்ந்தது. மண்ணைக் காக்கிறேன் என்று சொல்கிறவர், அதனால் இழப்பு அடைகிறவருக்கு ஒரு மாற்றும் தர வேண்டும் என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார். இன்று நகரத் திட்டம் போடுகிறவர்களுக்கும் அது பொருந்தும்.

தேயிலைத் தோட்டம் என்றால் இயற்கை என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து வைத்தபோது இங்கே இருந்தது காடும், அதில் வாழ்ந்த ஒராங் அஸ்லி மக்களும்தான். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்து அனுபவப்பட்ட ஏ. பி. மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டியதும், எரித்ததும், நாற்று நட்டதும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கை. தெலோம், பெர்த்தாம் ஆறுகளில் 1950-களில் வண்டலை அளந்து பார்த்தார்கள். பெரும்பகுதி காடாகவே இருந்த தெலோமைவிட, தோட்டமும் காய்கறிக் கொல்லையும் வந்துவிட்ட பெர்த்தாம் பல மடங்கு மண் சுமந்தது அப்போதே தெரிந்தது. தேயிலைக்கும் அதில் பங்கு உண்டு. கிராணி ஐயா இதை மறைப்பதில்லை. காடு அழித்து முதல் ஐந்தாறு வருடம், செடி வளர்ந்து நிரைகள் ஒன்றோடொன்று மூடும்வரை, ஆறு செம்மண் நிறத்தில் ஓடியதைத் தன் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார்.

பிறகு தோட்டங்கள் கற்றுக்கொண்டன. மண்ணை இழந்த மலையில் கொழுந்து குறையும். குறைந்தால் லாபம் குறையும். அதனால் கான் வந்தது, மலார் மண்ணிலேயே தங்கியது, ஊற்றுக்கண்ணைச் சுற்றியும் ஓடைக்கரையிலும் காட்டை வெட்டாமல் விடும் வழக்கம் வந்தது. நூறு ஆண்டு நிற்கும் செடியை வைத்திருப்பவனுக்கு அடுத்த தலைமுறைக் கணக்கும் கையில் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாடுதான் கேமரன் மலையின் இன்றைய தகராறு முழுவதற்கும் அடியில் இருக்கிறது.

காய்கறி வளர்ப்பவருக்கு அந்தக் கணக்கு வாய்க்கவில்லை. மலையின் பெரும்பாலான கொல்லைகள் பல்லாண்டுகளாகத் தற்காலிக உரிமத்தில் ஓடியவை. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிப்பார்களா என்பது யாருக்கும் உறுதியில்லாமல் இருந்தது. அடுத்த ஆண்டு தன்னுடையதா என்று தெரியாத சரிவில் எவன் பத்தாண்டு நிற்கும் கான் வெட்டுவான்? முட்டைக்கோசும் தக்காளியும் போட்டு, விலை கிடைக்கிறபோது எடுத்துவிட வேண்டும். கொல்லைக்காரர்களைக் குறை சொல்லி எழுதுவது எளிது. தீபகற்ப மலேசியாவின் சந்தைகளுக்குப் பெருமளவு இலைக்காய்கறி இங்கிருந்துதான் இறங்குகிறது. அதைச் சாப்பிடாத வீடு குறைவு. அவர்களைக் கொல்லைக்காரர்களாக மட்டும் வைத்து, குடியானவர்களாக நிலைக்க விடாதது உரிம முறைதான்.

கேமரன் மலையிலேயே நிலையம் வைத்திருக்கும் மார்டி என்ற வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டை எண்ணில் சொன்னது. திறந்தவெளிக் காய்கறி நிலத்திலிருந்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 24 முதல் 42 டன்வரை மண் போகிறது. காய்கறி நிலம் நிறைந்த ஓடையில், காட்டு ஓடையிலும் தேயிலை ஓடையிலும் இருப்பதைவிட ஐம்பது மடங்கு வண்டல். பிளாஸ்டிக் மழைக்கூரை போட்ட இடத்தில் மண் இழப்பு 1.3 டன்னாகக் குறைந்தது.

இதைப் படித்தால் மலை முழுவதும் கூரை போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டும்விட்டார்கள். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவரை மலையேறிப் பார்த்தால் பள்ளத்தாக்குகள் வெள்ளையாகத் தெரியும். ஆனால் கிராணி ஐயா அந்தக் கூரைகளின் விளிம்பைத்தான் காட்டுவார். கூரையில் விழுந்த மழை மண்ணில் இறங்க வழியில்லை. அத்தனையும் விளிம்பிலிருந்து ஒரே நேரத்தில் கொட்டும். கீழே அதை வாங்கிக்கொள்ளக் கானோ தொட்டியோ இல்லையென்றால், முன்பு அரை நாள் எடுத்து ஆற்றுக்கு வந்த தண்ணீர் அரை மணியில் வந்துவிடும். கொல்லைக்குள் மண் அரிப்பு குறைந்து, கொல்லைக்கு வெளியே கரை அரிப்பு கூடும். அவருக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் கொல்லைக்காரர் கூரைத் தண்ணீரைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் பிடித்துச் செடிக்குத் திருப்பிவிட்டார். ஓடையிலிருந்து குழாய் போடும் செலவு அவருக்கு மிச்சம். அந்தச் சரிவில் ஓடைக்கரை இன்றும் அப்படியே நிற்கிறது.

நகரத்தின் கதை இன்னும் சிக்கலானது. நீண்ட காலம் மலைக்கு வர தாப்பா சாலை ஒன்றுதான். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு அகலமான சாலை திறந்தபின் வடக்கிலிருந்தும் வண்டிகள் ஏறத் தொடங்கின. பள்ளி விடுமுறையில் கீ ஃபார்ம் அருகே வண்டிகள் மணிக்கணக்கில் நகராது. விடுதிகள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் வீடு வேண்டும். லயத்தில் பிறந்தவன் சொந்த வீட்டில் சாக வேண்டும் என்று ஆசைப்படுவதைக் காட்டைக் காரணம் காட்டி மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. கேள்வி எங்கே கட்டுவது, கட்டிய இடத்தின் தண்ணீர் எங்கே போவது என்பதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு கிராணி ஐயாவை ஒரு கட்டட வேலைக்கு யோசனை கேட்டு அழைத்துப் போனார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். சரிவை வெட்டி மட்டமாக்கி, வெட்டிய மண்ணை அப்படியே முன்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். மேலே பிளாஸ்டிக் விரிப்பு, கீழே ஒரு வண்டல் குழி.

“இந்தக் குழிய எப்ப காலி பண்ணுனீங்க, தம்பி?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல, அங்கிள். வேல முடியட்டும்னு சொல்லியிருக்காங்க.”

குழி விளிம்புவரை மண். அதன்மேல் புல் முளைத்திருந்தது. மழைக்கு வந்த சேறு குழியில் நிற்காமல் மேலாக வழிந்து, சாலைக்கு அடியில் போகும் குழாய் வழியாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வரைபடத்தில் குழி இருந்தது, அனுமதிக் கோப்பில் இருந்தது, தரையிலும் இருந்தது. அதைத் தூர் எடுக்கும் ஆள் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. இரண்டு ஆட்களும் ஒரு மண்வெட்டியும் இருந்தால் ஒரு நாள் வேலை என்று சொல்லிவிட்டு வந்தார். செய்தார்களா என்று பார்க்க மறுபடி போனபோது உள்ளே விடவில்லை.

மலேசியாவில் சரிவுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. 1993 டிசம்பர் 11-இல் கோலாலம்பூர் அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தபிறகு நாடே விழித்தது. 25 பாகைக்கு மேற்பட்ட சரிவு ஆபத்தான வகுப்பு, 35-க்கு மேல் மிக ஆபத்து என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்றின் அகலத்தைப் பொறுத்து 5 மீட்டர் முதல் 50 மீட்டர்வரை கரையை ஒதுக்கச் சொல்கிறது. நிலமும் ஆறும் மாநில அரசின் அதிகாரம்; அளப்பதும் எச்சரிப்பதும் பெரும்பாலும் மத்தியத் துறைகள்; மின்அணை ஒரு நிறுவனத்தின் கையில். ஒரு ஓடை இத்தனை பேர் எல்லையைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறது. யாருடைய எல்லையிலும் தங்காமல் மண் கடைசியில் ஓரிடத்தில் தங்குகிறது.

அந்த இடம் ரிங்லெட் ஏரி. 1963-இல் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடித்தபோது உருவானது. பெர்த்தாம் ஆற்றின் மேல்பகுதி நீரும், சுரங்கம் வழியாகத் திருப்பிவிட்ட தெலோம் ஆற்று நீரும் சேர்ந்து 183 சதுர கிலோமீட்டர் மலையின் தண்ணீர் இங்கே வருகிறது. ஏரித் தண்ணீர் மலைக்குள் சுரங்கத்தில் இறங்கி, மேற்கே பேராக் பக்கம் ஜோரில் இருக்கும் 100 மெகாவாட் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுப் பத்தாங் பாடாங் ஆற்றில் சேரும். ஏரி கட்டியவர்கள் பல பத்தாண்டு தாங்கும் என்று வண்டலுக்கும் இடம் விட்டே கட்டினார்கள். மேலே காடு குறைந்த வேகத்துக்கு அந்தக் கணக்கு தாங்கவில்லை. ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் சேறு. கப்பலில் குழாய் வைத்து உறிஞ்சியும், இயந்திரம் இறக்கி அள்ளியும், எடுத்ததைக் கொட்ட இடம் தேடியும் பல மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) போய்க்கொண்டே இருக்கிறது.

சேறு நிரம்பிய ஏரிக்குப் பெருமழையைப் பிடித்து வைக்க இடம் இருக்காது. 2013 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம். மழை நிற்கவில்லை, அணை நிரம்பியது, கதவுகளைத் திறந்தார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி வீடுகளும் கொல்லைகளும், வெளிநாட்டுத் தொழிலாளர் கொட்டகைகளும். ஆற்றுக்கு ஒதுக்கியிருக்க வேண்டிய கரையில் கட்டடங்கள் நின்றதால் ஆறு ஏற்கெனவே ஒடுங்கியிருந்தது. குறைந்தது மூவர் இறந்தார்கள். வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

மறுநாள் கிராணி ஐயா சொந்தக்காரர் வீட்டைத் தேடிப் போனார். சுவரில் ஆள் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. உள்ளே கட்டில்வரை மண் நிறைந்திருந்தது. வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். கருங்கல் சிதைந்த மணல் கொஞ்சம். மற்றதெல்லாம் கறுத்த, மென்மையான மேல்மண். உரமும் கோழி எருவும் போட்டு வளர்த்த மண். மேலே ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரம், கீழே இன்னொருவர் அரிசிப் பானைக்குள் கிடந்தது. அன்றைய நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஓராண்டு கழித்து, 2014 நவம்பர் 5-இல் ரிங்லெட்டிலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் மறுபடியும் சேற்று வெள்ளம், மண்சரிவு, உயிரிழப்பு. அதற்கு ஒரு வாரம் முன்புதான், அக்டோபர் 29-இல், இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்களோடு 70 பேர் போனார்கள்; பெரும்பாலும் தமிழர்கள். இலங்கை, கேரளம், மலேசியா என்று நாடு மாறினாலும் லயம் இருக்கும் இடம் மாறவில்லை. துரை பங்களா மேட்டில், தொழிற்சாலை மட்டத்தில், லயம் ஓடைக்குப் பக்கத்திலோ சரிவின் மடியிலோ. தண்ணீர் எடுக்க வசதி என்று நூறாண்டுக்கு முன் தேர்ந்த இடம் அது. மலைத் தமிழர்கள் மண்சரிவைச் சுற்றுச்சூழல் செய்தியாக மட்டும் படிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

கேமரன் மலை கடலிலிருந்து தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு மலையின் தண்ணீர் இரண்டு கடலுக்கும் போகிறது. இயல்பாக ஓடுவது ஜெலாய் ஆறாகி, பகாங் ஆறாகி, பெக்கான் அருகே தென்சீனக் கடலில் சேரும். மின்நிலையம் திருப்பிவிட்டது பேராக் ஆற்றோடு மலாக்கா நீரிணையில் சேரும். கரையோரச் சதுப்புநிலம் காப்பது பற்றிப் பேசுகிற கூட்டங்களில் மலைநாட்டுக் கான் வெட்டுகிறவனுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். அங்கே வந்து தங்கும் மண் இங்கே புறப்பட்டதுதான். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையில் மலேசியா 1994-இல் சேர்ந்தபோது முதலில் பட்டியலில் வைத்தது, கேமரன் மலை இருக்கும் இதே பகாங் மாநிலத்தின் தாசேக் பெரா ஏரி. கீழே இருக்கும் ஏரிக்கு உலகப் பாதுகாப்புக் கிடைத்தது நல்ல செய்தி. அதே மாநிலத்தின் உச்சியில் இருக்கும் ஊற்றுகளுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

தண்ணீரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் இந்தக் கதை சென்னைக்காரர்களுக்கு வேறு உருவில் தெரிந்ததுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளத்துக்கும் அனுப்பும் இடம். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பை, இன்னொரு பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள், நடுவில் குடியிருப்புகள் என்று அது சுருங்கியது. 2007-இல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2015 டிசம்பரில் வேளச்சேரி வீடுகளுக்குள் தண்ணீர் வந்து நின்றது. 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்தது. பெர்த்தாமில் ஆற்றின் அகலத்தை எடுத்துக்கொண்டார்கள், பள்ளிக்கரணையில் தேங்கும் பரப்பை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் வீடு வாங்கியவனுக்கு அது தெரியாது, விற்றவனுக்குத் தெரியும்.

அப்படியானால் கேமரன் மலையில் ஒன்றும் கட்டக் கூடாதா? கிராணி ஐயா அப்படிச் சொல்லவில்லை. கட்டட அனுமதியோடு கான் பராமரிப்புக்கும் பணம் கட்டவைக்க வேண்டும் என்கிறார். அவர் போடும் கணக்கு எளிது. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பத்துப் பேர் கொண்ட கான் குழுவுக்கு ஆண்டுச் சம்பளம் 2,04,000 வெள்ளி. கூடவே ஒரு லாரி, மண்வெட்டிகள். மேல் பெர்த்தாமின் ஓடைகளுக்கு இப்படிச் சில குழுக்கள் வருடம் முழுக்க வேலை செய்தாலும், ஏரியில் சேறு அள்ளும் செலவில் சிறு பகுதியைத் தாண்டாது. ஆனால் ஏரிச் சேறு ஒரு கணக்கில் எழுதப்படுகிறது, ஓடைக் கான் வேறொரு கணக்கில் எழுதப்பட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மேசை இன்னும் இல்லை.

ஆள் கிடைப்பார்களா என்பது அடுத்த கேள்வி. தோட்டத்திலேயே கான் வேலைக்கு ஆள் குறைந்துவிட்டது. தமிழ்ப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள், போனது நல்லதுதான். கொழுந்தை இப்போது பெரும்பாலும் பங்களாதேஷ், இந்தோனேசியா, நேப்பாளத் தொழிலாளர்கள் கத்தரியாலும் இயந்திரத்தாலும் எடுக்கிறார்கள். கொழுந்து எடுக்க இயந்திரம் உண்டு. சரிவில் திட்டு விட்டுக் கான் வெட்ட, மழையில் நடந்து எங்கே அடைக்கிறது என்று பார்க்க இயந்திரம் கிடையாது. புதிதாக வந்தவர்களுக்குக் கிராணி ஐயா மலாயில் கற்றுக்கொடுத்தார். இறக்கம் பார்க்கும் சட்டத்தைக் கையில் கொடுத்தால் யாருக்கும் ஒரே நாளில் புரிந்துவிடும் என்பது அவர் அனுபவம். ஆனால் அவர்களுடைய வேலை உரிமமும் தற்காலிகம்தான். பழகிய கை ஊருக்குத் திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிலம் தற்காலிகம், ஆள் தற்காலிகம். அங்கே நிலையாக வேலை செய்வது மழை மட்டும்தான்.

மலைவாசிகள் சும்மா இருக்கவில்லை. 2001-இல் உள்ளூர்க்காரர்கள் தொடங்கிய ரீச் என்ற அமைப்பு ஆற்று நீரையும் நிலம் அழிப்பதையும் பற்றித் தொடர்ந்து குரல் கொடுத்துவருகிறது. 2014 வெள்ளத்துக்குப் பிறகு சட்டவிரோதக் கொல்லைகளை அழிக்க அதிகாரிகள் பெரிய நடவடிக்கையும் எடுத்தார்கள். கூரையைப் பிரித்துப்போட்டார்கள், செடியைப் பிடுங்கினார்கள். கிராணி ஐயாவுக்கு அதில் ஒரு குறை உண்டு. செடியைப் பிடுங்கிவிட்டு வெறும் சரிவை அப்படியே விட்டுவந்த இடங்களில், அடுத்த மழைக்கு முன்பைவிட அதிக மண் போனது. விரட்டுகிற அன்றே அங்கே கான் வெட்டி மரம் நட ஒரு குழுவும் போயிருக்க வேண்டும்.

பகாங் அரசு கொல்லைக்காரர்களுக்கு நீண்ட குத்தகை தர வேண்டும். கூடவே நிபந்தனையும் வைக்க வேண்டும். ஓடைக்கரையை விட்டுத் தள்ளியிருத்தல், கூரைத் தண்ணீருக்குத் தொட்டி, ஆண்டுக்கு ஒருமுறை கான் சோதனை. மாவட்ட மன்றம் கட்டட அனுமதி தரும்போது வண்டல் குழி தூர் எடுக்கும் செலவை முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரிங்லெட் ஏரியில் ஆண்டுக்கு எவ்வளவு சேறு சேர்ந்தது, எந்த ஓடையிலிருந்து வந்தது என்பதை ஊருக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் இப்படிக் கணக்கு எழுதும் ஏடு உண்டு.

மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். கேமரன் மலைக்கு அடுத்த வரைவு வரும்போது ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் தமிழர்களும், தோட்டத்தை விட்டு வெளியூரில் இருக்கிறவர்களும் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் ஓடையைத் தேடுங்கள். அதன் கரைக்கு எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள், அதைத் தூர் எடுக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு எழுதிக் கொடுங்கள்.